ஓடையை எந்த மாதத்தில் அளந்தீர்கள்?

2023-இல் கேரளத்தில் மூணாறுக்கு அந்தப்பக்க மலைக்கிராமமான காந்தலூருக்குச் சிறந்த சுற்றுலா கிராமம் என்று மத்திய அரசின் தங்க விருது கிடைத்ததிலிருந்து, எங்கள் பக்கம் ஒவ்வொரு ஊருக்கும் ஆசை வந்துவிட்டது. போன மாதம் மறையூர் டீக்கடையில் இரண்டு பிள்ளைகள் லேப்டாப்பை விரித்துத் தங்கள் ஊருக்கான ஒரு சுற்றுலாத் திட்டத்தைக் காட்டினார்கள். அறை, வாடகை, ஜீப் சவாரி எல்லாம் இருந்தது. தண்ணீர் என்ற இடத்தில் மட்டும் "ஓடை உள்ளது" என்று ஒரே வரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதே வரியைத்தான் எழுதினேன்.

குப்பைத்தொட்டி வை, பிளாஸ்டிக் தவிர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுகிறேன். எங்கள் பக்கம் நடக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மழை ஓய்ந்த கையோடு தண்ணீரை அளப்பது

மூணாறில் ஆனி, ஆடியில் கொட்டித் தீர்க்கும். மலைக்கு இந்தப் பக்கம், காந்தலூரும் மறையூரும் இருக்கிற அஞ்சுநாடு, அந்த மழையை மலை மறித்துவிடுகிற மழைமறைவு நிலம். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்குச் சோறு. நான் ஓடையை அளந்தது கார்த்திகைக் கடைசியில். 20 லிட்டர் வாளி எட்டு நொடியில் நிரம்பியது. நாளுக்கு இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல்! ஆயிரம் பேர் வந்தாலும் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பி அறைகள் எழும்பின.

கூட்டம் வந்ததோ சித்திரை விடுமுறையில். அதே இடம், அதே வாளி, நிரம்ப 40 நொடி ஆனது. நாளுக்கு 43,200 லிட்டர். ஊரில் 400 பேர். மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு 55 லிட்டர் என்றால் ஊருக்கே 22,000 போய்விடும். ஓட்டல் படுக்கை ஒன்றுக்கு இந்தியத் தரநிலை வைத்திருப்பது 180 லிட்டர். மிச்சத்தை வகுத்தால் 117 பேர். அன்று அறைகளில் இருந்தவர்கள் இருநூறுக்கு மேல். வயலை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மேல்பாத்தி ஆத்தா ஒருத்தி கருப்பு ஓஸின் நுனியை என் காதருகே பிடித்தார். உள்ளே காற்று மட்டும் இரைந்தது. "உங்க விருந்தாளிக ரெண்டு வேளை குளிக்கிறாக. எம் பீன்ஸுக்கு ஒரு வேளைத் தண்ணி இல்லையே தம்பி" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். அந்தக் கோடை முழுக்க லாரித் தண்ணீர் வாங்கினோம். அந்தக் காசில் பெரிய தொட்டியே கட்டியிருக்கலாம்.

மாசியிலிருந்து சித்திரை வரை, வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், விடியற்காலையில் அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு கோடையாவது பாருங்கள். மிகக் குறைந்த அளவை எடுத்து, முதலில் ஊருக்கு, பிறகு வயலுக்கு, மீந்ததை 180-ஆல் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் படுக்கை எண்ணிக்கை. வருடத்தில் வருகிறவர்களை 365-ஆல் வகுத்துச் சராசரி காட்டாதீர்கள். சனிக்கிழமை ராத்திரிக்குச் சராசரி தெரியாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை, "போர்வெல் போட்டுக்கலாம் சார்" என்றான். எனக்குச் சுர்ரென்றது. ஊற்றுக்கும் போர்வெல்லுக்கும் தண்ணீர் தருவது ஒரே மலைதான், தம்பி.

ஒரு பூவை நம்பி லாட்ஜ் கட்டுவது

மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில், பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல். 2018 ஆகஸ்டில் பூவோடு வெள்ளமும் வந்து, மூணாறுக்கு வரும் சாலைகள் அறுந்தன. அடுத்த பூ 2030-இல். அதற்கு இப்போதே இடம் விலை கேட்டு என்னிடம் வருகிறார்கள். நடுவில் வெறும் புல்லாக இருக்கும் பதினோரு வருடத்துக்கு வட்டியை யார் கட்டுவது?

மூடத் தெரியாதது

வரையாடு குட்டி போடும் பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், இரவிகுளத்துக்குள் ஆட்களை விடுவதில்லை. திறந்திருக்கும் நாளிலும் பூங்காவில் ஆட்கள் போகிற ராஜமலைக்குச் சொந்த வண்டி ஏறாது, வனத்துறை பஸ்தான். அதற்காக மூணாறுக்கு வருகிற கூட்டம் நின்றுவிடவில்லை.

வியூ பாயின்ட் போர்டு

கழிப்பறை கட்டிய பிறகு.

லோகோ

அதற்கும் பிறகு.