கண் நோகட்டும் என்று பார்த்திருக்காதீர்கள்: குளுக்கோமாவுக்குக் கண் காட்டுவது எப்படி

எங்கள் பெரியப்பா சைக்கிளில் போகையில் பக்கத்தில் வந்த மாட்டைக் காணாமல் மோதி விழுந்தார். வயது போனால் இப்படித்தான் என்று விட்டுவிட்டோம். பேப்பர் வாசிப்பார், தூரத்தில் வருகிற ஆளை அடையாளம் சொல்லுவார், அதனால் கண்ணில் பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது ஒரு கண்ணில் பார்வை அநேகமாக முடிந்திருந்தது. குளுக்கோமா.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் ஊறி, வடிந்துகொண்டிருக்கும். வடிகிற வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி, மூளைக்குப் போகும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். பெரும்பாலும் நோவில்லை, சிவப்பில்லை. பார்வை ஓரத்திலிருந்து குறையும், ஒரு கண் விடுவதை மற்றக் கண் ஈடுகட்டிவிடும். கண்புரை என்றால் ஒப்பரேசனுக்குப் பிறகு பார்வை திரும்பும். இதில் போனது போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம்.

40 வயது தாண்டியவர்கள், பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இது உள்ளவர்கள், சலரோகக்காரர், கிட்டப்பார்வை கூடியவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். வன்னியில் நான் இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பேன். 2009 வரையான போர்க் காலத்தில் கண்ணில் அடியோ செல் (எறிகணை) துண்டோ பட்டவர்கள்: காயம் ஆறியிருந்தாலும் உள்ளே வடிகால் பழுதுபட்டிருந்தால் பல வருடம் கழித்தும் அழுத்தம் ஏறலாம், பழைய கதை என்று மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். மற்றது, அரிவி வெட்டு நேரம் கண்ணில் உமி பட்டதும் பாமசியில் ஏதோ ஒரு துளி மருந்து வாங்கி விடுபவர்கள். ஸ்டீரொயிட் கலந்த துளியை நாட்கணக்காக விட்டால் சிலருக்கு அதுவே அழுத்தத்தை ஏற்றிவிடும், அந்தப் போத்தலை வீட்டில் வைத்து ஆளுக்காள் விடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

சரி, எப்படிக் காட்டுவது? பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் விஷயத்தைச் சொல்லி, கண் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். எழுத்துப் பலகை வாசித்து, கண்ணாடிக்கு நம்பர் எடுத்துவிட்டு வந்தால் போதாது. "அழுத்தமும் பாருங்கோ, நரம்பையும் பாருங்கோ" என்று வாய் திறந்து கேளுங்கள். அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 வரை (mmHg என்ற அளவில்) இருக்கும், ஆனால் அதற்குள் இருந்தும் நரம்பு பழுதாகிறவர்கள் உண்டு. நரம்பைப் பார்க்கத் துளி விட்டுக் கண்மணியை விரித்தால் சில மணி நேரம் மங்கலாகத்தான் தெரியும். தனியாக மோட்டார் சைக்கிளில் போகாமல் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

துளி மருந்து தந்தால் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். கீழ் இமையை இழுத்து ஒரு துளி விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுங்கள். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், சில துளிகள் அவர்களுக்கு ஆகாது.

திடீரென்று கண் கடுமையாக நொந்து, சிவந்து, வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிந்து, சத்தியும் வந்தால் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம். அது வேறு வகைக் குளுக்கோமா, அந்த இரவே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பெரியப்பாவுக்கு இது இருப்பது தெரிந்த பிறகுதான் அப்பாவைக் கூட்டிப்போனோம். அவருக்கும் ஆரம்பித்திருந்தது. இரவில் ஒரு துளி விடுகிறார், இன்னும் தன் வயலைத் தானே பார்க்கிறார்.