கங்கு சுமக்க ஒரு பட்டைக் கலம்: ஓட்ஸி வைத்திருந்த மாதிரி

1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் உறைந்த உடலாகக் கிடைத்த ஓட்ஸி, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவரிடம் பிர்ச் மரப்பட்டையில் செய்த இரண்டு கலங்கள் இருந்தன. ஒன்றின் உட்புறம் கறுத்திருந்தது. உள்ளே மேப்பிள் இலைகளும் கரித்துணுக்குகளும் இருந்தன. நெருப்புக் கங்கைச் சுமந்த கலம் அது. உயரம் சுமார் 20 செ.மீ., அடியகலம் 15 முதல் 18 செ.மீ. அதே அளவில் செய்து பார்க்கலாம்.

முதலில் தைப்பதற்கான நார், அதற்குத்தான் நாள் பிடிக்கும். கோடைத் தொடக்கத்தில் லிண்டன் மரக்கிளையின் பட்டையை நீளவாக்கில் உரித்து, மேலே கல் ஏற்றிக் குளத்து நீரில் ஊறப்போடுங்கள். தேங்காய் மட்டை ஊறவைக்கிற அதே வேலைதான், நாற்றமும் அப்படியே. சில வாரங்களில் உள்பட்டை ஏடு ஏடாகப் பிரியும். அவசரப்பட்டு எடுத்தால் ஏடு பிரியாமல் கிழியும். அதிகம் ஊறினால் நார் வலுவிழக்கும். அலசி நிழலில் காயவையுங்கள்.

பிர்ச் பட்டையை மே கடைசி முதல் ஜூலைத் தொடக்கம் வரை, சாறு ஓடும்போது எடுக்க வேண்டும். வெட்டப்போகிற மரமே நல்லது. கத்தி உள்பட்டைவரை இறங்கினால் நிற்கிற மரம் பட்டுப்போகும். 15 செ.மீ. அடியகலத்துக்கு 50 செ.மீ. நீளப் பட்டை போதும். சுருட்டும்போது இரண்டு ஓரங்களும் 2 முதல் 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். காய்ந்த பட்டை வளைத்தால் விரிசல் விடும், வெந்நீரில் போட்டு இளக்குங்கள். உரித்த பட்டை வெள்ளைப்புறம் உள்ளே போகும்படி தானாகச் சுருளும். அந்தப் போக்கிலேயே விடுங்கள்.

பெரும்பாலான கலங்கள் கெடுவது தையலில். பட்டையில் தெரிகிற குறுங்கோடுகள் வழியாகத்தான் அது கிழியும். அதனால் துளைகளை ஒரே நேர்கோட்டில் போடாமல், ஓரத்திலிருந்து 7 மி.மீ., அடுத்தது 12 மி.மீ. என்று மாற்றி மாற்றிப் போடுங்கள்; இடைவெளி 1 செ.மீ. எலும்பு ஊசியைத் திருகி இறக்குங்கள், அடித்து இறக்காதீர்கள். நாரை நனைத்துத் தையுங்கள். அடித்தட்டை வட்டமாக நறுக்கி, விளிம்பைச் சுற்றிச் சாய்தையல் போடுங்கள்.

கங்கை வெறும் பட்டையில் வைத்தால் தீர்ந்தது. பிர்ச் பட்டையில் எண்ணெய்ப் பசை அதிகம், ஈரமாக இருந்தாலும் பற்றும். பச்சை இலைதான் காப்பு, சருகு வேண்டாம். ஒவ்வொரு கங்கையும் பல அடுக்கு இலையில் பொதியுங்கள். இறுக்கினால் காற்றில்லாமல் அணையும், தளர்த்தினால் சீக்கிரம் எரிந்து தீரும். நடக்கும்போது வெளிப்புறத்தை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே வெறும் தரையில் கொட்டிவிட்டுப் புது இலை சுற்றுங்கள்.