தடைக்கால அட்வான்ஸ்: சம்மாட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில், சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) தங்கள் படகில் வேலைக்கு வரும் மீனவர்களுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் பற்றிய பேச்சு சூடுபிடிப்பது அப்போதுதான். வாங்கியவர் ஜூனில் வேறு படகில் ஏறிவிட்டால், வழக்குப் போட்டு வசூலிப்பது லேசில்லை. வக்கீல் செலவும் அலைச்சலும் கொடுத்த தொகையையே விழுங்கிவிடும்.

ஆள் கையைவிட்டுப் போகக்கூடாதே என்று மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதுதான் முதல் தவறு. கணக்குப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு, நடைக்கு (ஒருமுறை கடலுக்குப் போய் வருவதற்கு) 500 பிடித்தால் 20 நடை. திங்கள், புதன், சனி என வாரம் மூன்று நடை போனாலே ஏழு வாரம். காற்றோ வேலைநிறுத்தமோ வந்தால் இன்னும் இழுக்கும். ஆடிக்குள் கழியாத தொகையைக் கொடுக்காதீர்கள். அதிலும் பாதியை ஏப்ரலில், மீதியைப் படகு இறங்கும் வாரத்தில், வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். பாடு (மீன் வரத்து) இல்லாத நாளில் பிடித்தம் வேண்டாம். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனவரை அடுத்த நடையில் எதிர்பார்க்க முடியாது.

வெற்று புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைப்பதால் பலமில்லை, வம்புதான். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத நோட்டை நீதிமன்றம் சாட்சியமாகவே ஏற்காது. ஒட்டியிருந்தாலும் காலவரம்பு மூன்று ஆண்டு. அதைவிட இரண்டு நோட்டுப்புத்தகம் போடுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று அவரிடம். தேதி, பிடித்தது, பாக்கி, இருவர் கையெழுத்து. கெடு முடியுமுன் அவர் கையெழுத்திட்ட வரவு ஒன்று இருந்தால் அந்தத் தேதியிலிருந்து காலவரம்பு புதிதாக ஓடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஆதாரையோ மீனவர் அட்டையையோ பிடித்து வைத்துக்கொண்டு, "கடன் தீராமல் வேறு படகில் ஏறாதே" என்று மிரட்டுவது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதைத்தான் குறிவைக்கிறது. கொத்தடிமைக் கடன் என்று முடிவானால் பாக்கி முழுதும் ரத்து, அதன்பின் அதை வாங்குவதும் குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை. கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவர் தலையில். மனிதரைப் பிணைத்து வைப்பது நியாயமும் இல்லை.

ஆள் ஓடுவதற்கு அட்வான்ஸைவிட, மீன் விற்ற பணத்தைப் பிரிக்கும் பங்குக் கணக்கே பலமுறை காரணம். டீசல், ஐஸ் பில்லைக் காட்டாமல் செலவைக் கழிப்பது, இறால், நண்டு, கணவாய் விலையைச் சொல்லிவிட்டு சங்காயம் எனும் கழிவு மீன் விற்ற பணத்தைச் சேர்க்காமல் விடுவது, இவை கரையில் ஒரே நாளில் பரவும். எடை போட்ட சீட்டையும் பில்லையும் பங்கு பிரிக்கும் இடத்திலேயே டிரைவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.