போர்க்குலத்துத் தாயை எழுதுவது எப்படி?

அறிவியல் புனைகதைக்காக வேற்றுக்கிரகப் போர்க்குலம் ஒன்றை உருவாக்குகிறவர்கள் ஆயுதம், கவசம், சண்டை முறை என்று பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருப்பார்கள். அந்தக் குலத்துப் பெண் எத்தனை மாதம் சுமக்கிறாள், அவள் களத்தில் இருக்கும்போது பிள்ளைக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டால் நோட்டு காலி.

கணக்கிலிருந்து தொடங்குங்கள். குலத்தில் 1,000 வீரர்கள், பாதிப் பேர் பெண்கள்.  ஆண்டுக்கு 50 பேர் ஓய்வு பெற்று விலகுகிறார்கள், போரில் 40 பேர் சாகிறார்கள். 90 இடம் நிரம்ப வேண்டும். பிறப்பதில் பாதிதான் ஆயுதம் எடுக்கும் வயதை எட்டும் என்றால் ஆண்டுக்கு 180 பிள்ளைகள் பிறந்தாக வேண்டும். ஒவ்வொரு பிரசவமும் தாயை ஒன்றரை ஆண்டு நிறுத்தி வைத்தால், எந்த நாளில் எண்ணினாலும் 500 பெண்களில் 270 பேர் களத்தில் இல்லை!

இந்த 270ஐ எப்படிக் குறைப்பது? எப்போதும் இரட்டைப் பிள்ளை என்றால் 135 ஆகிவிடும். முட்டையிட்டுப் பொதுக் காப்பகத்தில் விட்டு, மூன்றே மாதத்தில் திரும்பினால் 45. ஆனால் முட்டைக் காப்பகம் வந்துவிட்டால் எதிரி முதலில் குறிவைப்பது அதைத்தான். அதற்கேற்பப் போர் முறையையும் மாற்றி எழுத வேண்டும்.

பூமியிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது: ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி. பெண்தான் பெரியது, பெண்தான் தலைமை. கர்ப்பம் சுமார் 110 நாள், பெரும்பாலும் இரண்டு குட்டி. கண் திறந்து, பல் முளைத்தே பிறக்கும். பிறந்த சூட்டோடு ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கிவிடும். தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் தாய் இரை தேடி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போய், சில நாள் கழித்துத்தான் பொந்துக்குத் திரும்பும். அதுவரை குட்டி தாங்குவதற்குக் காரணம் கொழுப்பும் புரதமும் செறிந்த பால். படையெடுப்புக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைக்காது. விலையும் உண்டு: ஓராண்டுக்கு மேல் பாலூட்ட வேண்டும். குறுகி நீண்ட பிறப்புவழியால் தலைப்பிரசவத்தில் குட்டி இறந்தே பிறப்பதும் அதிகம். பதவியும் தாய்வழிதான். தாய்க்கு அடுத்த படியில் குட்டி நிற்கும். சண்டையில் தாய் பக்கத்தில் நின்று நின்றே அந்த இடத்தை வாங்கிக் கொடுக்கிறது. வாரிசுச் சண்டை எழுத நினைப்பவருக்கு இது ஒன்றே போதும்.

அடுத்து உடம்பு. பாலூட்டும் இனமென்றால் கவசத்தின் வார் எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள். மார்பை இறுக்கிக் கட்டி மூன்று நாள் நடந்தால் பால் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும், வாளுக்குக் கை எழும்பாது. பக்கவாட்டில் அவிழும் கொக்கி ஒன்று வைத்தால், அதை அவள் அவிழ்க்கும் இடமே ஒரு காட்சியாகிவிடும். தேள்போலக் குஞ்சுகளை முதுகில் சுமக்கும் இனமா? முதுகுக் கவசத்தை மறந்துவிடுங்கள். முதல் தோலுரிப்பு முடியும்வரை அவள் எதிரிக்கு முதுகு காட்டவே முடியாது. ‘புறமுதுகு’ என்ற சொல்லுக்கு அந்தக் குலத்தில் வேறு கனம் வந்துவிடும்.

சடங்குகளை யோசிக்கும்போது மெக்சிகோவின் அந்தக் கால ஆஸ்டெக் மக்களைப் பாருங்கள். குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி போர்முழக்கம் எழுப்புவாள். தாய் ஒரு கைதியைப் பிடித்துவிட்டாள் என்று பொருள். பிரசவத்தில் இறந்தவள் களத்தில் வீழ்ந்த வீரனுக்குச் சமம். உச்சியிலிருந்து மேற்குவரை சூரியனை அழைத்துச் செல்பவர்கள் அப்படி இறந்த பெண்களே என்று நம்பினார்கள். அவளுடைய விரலை வெட்டிக் கேடயத்தில் வைத்துக்கொள்ள இளம் வீரர்கள் துடித்ததால், மருத்துவச்சிகளும் முதிய பெண்களும் ஆயுதத்தோடு உடலுக்குக் காவலாகச் சென்றார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மகனைக் களத்துக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் சங்ககாலத் தாய் நம் கைக்கு முன்னால் வந்துவிடுவாள். அவள் அனுப்புகிறவள். உங்கள் குலத்துத் தாயோ தானே போகிறவள். மகனுக்குப் பக்கத்து வரிசையில் நிற்கிறவள், சில சமயம் அவனுக்கு மேலதிகாரி. அவனை முன்வரிசைக்குப் போகச் சொல்லும் ஆணையை அவள் எந்தக் குரலில் சொல்கிறாள், அவன் அவளை அம்மா என்கிறானா, பதவிப் பெயர் சொல்லி அழைக்கிறானா? அந்த ஒரு உரையாடலை முதலில் எழுதிப் பாருங்கள். கவசத்தின் நிறத்தைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.