மீன் தலையிலிருந்து தொடங்குங்கள்: ஓமோன் குடும்பங்களின் உறவைத் தேடும் வழி

ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கூர்ப்புப் பாடத்துக்குக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பிடித்த திலாப்பியாவின் தலையோடுதான் வகுப்புக்குப் போவேன். மண்டையோட்டை மேலிருந்து திறந்து மூளையை மெதுவாகத் தூக்கினால், அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய வெளிறிய உருண்டை ஒன்று தெரியும். அதுதான் கபச்சுரப்பி. அதன் பின்பகுதியில் வாசோடோசின், ஐசோடோசின் என இரண்டு ஓமோன்கள் இருக்கின்றன. நம் தலையில் அதே இடத்தில் இருப்பவை வாசோபிரெசினும் ஒட்சிற்றோசினும். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதை ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

முதலில் கொப்பியும் பென்சிலும் எடுங்கள். நான்குமே ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்டவை. ஒட்சிற்றோசினை எழுதுங்கள்: சிஸ்டைன், தைரோசின், ஐசோலூசின், குளுட்டமின், அஸ்பரஜின், சிஸ்டைன், புரோலின், லூசின், கிளைசின். வாசோடோசினில் எட்டாவது மட்டும் ஆர்ஜினின். அதில் மூன்றாவதைப் பினைல்அலனினாக மாற்றினால் நம் வாசோபிரெசின். ஐசோடோசினில் நான்காவது செரின், எட்டாவது ஐசோலூசின். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் 1, 2, 5, 6, 7, 9 ஆகிய இடங்கள் அசையவே இல்லை. முதலாம், ஆறாம் சிஸ்டைன்கள் கைகோத்து வளையம் அமைக்கின்றன. ஒட்சிற்றோசினைச் செயற்கையாக ஆக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஒன்பதை மட்டும் பிளாஸ்டில், அதாவது ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் இணையக் கருவியில், இடாதீர்கள். என் மாணவி ஒருத்தி ஒரு மாலை முழுவதையும் அப்படி இழந்தாள். இவ்வளவு சிறிய துண்டுக்குத் தற்செயலான பொருத்தங்கள் வந்து குவியும். ஓமோன் வெட்டி எடுக்கப்படும் நீளமான முன்னோடிப் புரதம் முழுவதையும் எடுங்கள். புரத வரிசைகளின் தரவுத்தளமான யுனிப்ரொட்டில் மனித ஒட்சிற்றோசினின் எண் பி01178, வாசோபிரெசினுடையது பி01185. ஒன்பதாவது கிளைசினுக்கு அடுத்து இன்னொரு கிளைசின், பிறகு லைசின், ஆர்ஜினின் வருவதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். நொதியம் வெட்டும் இடம் அது. அதன் பின் வரும் நியூரோபிசின் என்ற பகுதியில் 14 சிஸ்டைன்கள் உண்டு. பிளாஸ்ட் தேடலுக்கு உண்மையான பிடி அந்தப் பகுதிதான்.

எந்த விலங்குகளை ஒப்பிடுவது? மனிதன், கோழி, தவளை, வரிக்குதிரை மீன், புள்ளிக் கார் (gar) மீன், வானவில் ட்ரவுட் ஆகியவற்றை எடுங்கள். முள்ளந்தண்டுளிகளின் தொடக்க காலத்தில் ஜீனோம், அதாவது டீ.என்.ஏ.த் தொகுதி, முழுவதும் இருமுறை இரட்டித்தது. பெரும்பாலான இன்றைய மீன்களின் மூதாதையில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அது மூன்றாம் முறையும் நடந்தது. அதற்கு முன்பே பிரிந்துவிட்டதால் கார் மீன் நல்ல அளவுகோல். பிரித்தானியர் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்ட ட்ரவுட்டின் பரம்பரையிலோ நான்காம் இரட்டிப்பும் உண்டு. அதில் கூடுதல் பிரதிகள் கண்டால் தவறு செய்துவிட்டோம் என்று அஞ்ச வேண்டாம்.

இப்போது அயலை, அதாவது இருபக்கமும் உள்ள பரம்பரையலகுகளைப் பாருங்கள். நான் அதிகம் நம்புவது இதைத்தான். தோட்டத்தில் புதிதாக வருபவருக்கு வீட்டு எண் சொல்லிப் பயனில்லை. எந்த லயன், இந்தப் பக்கம் யார் வீடு, அந்தப் பக்கம் யார் வீடு என்றுதான் சொல்வோம். பரம்பரையலகையும் அப்படியே தேட வேண்டும். ஜீனோம்களைத் திறந்து பார்க்க உதவும் என்செம்பல் தளத்தில் மனிதனின் 20ஆம் நிறமூர்த்தத்தைத் திறந்தால், ஒட்சிற்றோசினும் வாசோபிரெசினும் அடுத்தடுத்து, எதிரெதிர்த் திசையில் வாசிக்கப்படுபவையாக இருக்கும். பேத்தை மீனில் அந்த இணை ஒரே திசையில் இருக்கிறது. நம் வழியில் ஒரு துண்டு புரண்டிருக்கிறது. ஜீனோம் முழுதும் இரட்டித்திருந்தால் பிரதிகள் வெவ்வேறு நிறமூர்த்தங்களில், தம் அயலவரோடு இருந்திருக்கும். இவை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், ஒரு சிறு துண்டு அதே இடத்தில் பிரதியாகிப் பிறந்த உடன்பிறப்புகள் என்று கொள்ளலாம். ஆனால் மீனின் ஐசோடோசினும் நம் ஒட்சிற்றோசினும் உடன்பிறப்புகள் அல்ல. ஒரே வீடுதான்; மூதாதையின் ஒரே பரம்பரையலகு மீனின் வழியிலும் நம் வழியிலும் தனித்தனியாக மாறி வந்தவை. வாசோடோசினும் வாசோபிரெசினும் அவ்வாறே. வரிக்குதிரை மீனின் ஐசோடோசின் தரவுத்தளத்தில் ஒட்சிற்றோசின் பெயரிலேயே இருக்கும். பெயரைப் பார்த்து மயங்காமல் வரிசையைப் பாருங்கள்.

கடைசியாக மாஃப்ட் என்ற மென்பொருள் கொண்டு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்குபடுத்தி, ஐகியூ-ட்ரீ என்ற மென்பொருளில் உறவு மரம் வரையலாம். புரதம் சிறியது என்பதால் சில கிளைகளுக்கு ஆதரவு, அதாவது அவை சரி என்ற நம்பகத்தன்மை, குறைவாகவே வரும். மரமும் அயலும் முரண்பட்டால் நான் அயலின் பக்கம்தான் சாய்வேன்.

ஒரு பரம்பரையலகு கிடைக்காவிட்டால், “இந்த மீனில் இல்லை” என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஜீனோமில் வாசிக்கப்படாத இடைவெளி இருக்கலாம், கணினி அதைக் கணிக்கத் தவறியிருக்கலாம். இருபக்கத்து அயலவரையும் கண்டுபிடித்து, நடுவிலுள்ள டீ.என்.ஏ. வரிசையை ஆறு வாசிப்புச் சட்டங்களிலும் (மும்மூன்று எழுத்தாக, இரு திசையிலும் மும்மூன்று தொடக்கங்களிலிருந்து) புரதமாக மொழிபெயர்த்து அந்தச் சிஸ்டைன்களைத் தேடுங்கள். அங்கும் காணாவிட்டால் நெருங்கிய இன்னொரு மீனிலும் அதே இடத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.