முழங்காலுக்குப் பின்னால் கட்டியா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

வருடக்கணக்காகக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவர்களுக்கு முழங்கால் வலி புதிதில்லை. அந்த வலியோடு சிலருக்குக் கால் மடிப்பின் பின்புறம் ஒரு வீக்கமும் வரும். காலை நீட்டினால் இறுகும், கொஞ்சம் மடக்கினால் இளகும். 1877இல் இதை விவரித்த இங்கிலாந்து மருத்துவரின் பெயரால் பேக்கர் கட்டி என்பார்கள்.

பலர் கட்டியைத்தான் நோயென்று நினைக்கிறார்கள். கோளாறு மூட்டுக்குள் இருக்கிறது. தேய்மானம், சவ்வுக் கிழிவு, வாதம் என்று ஏதோ ஒன்றால் உள்ளே நீர் கூடி, பின்னாலுள்ள பையில் போய்ச் சேருகிறது. போன நீர் இலேசில் திரும்பாது. கிளினிக்கில் ஊசியால் நீரை எடுத்து, ஸ்டீரொய்ட் மருந்தும் போடுவார்கள். நல்ல சுகம் தெரியும். ஆனால் மூட்டைக் கவனிக்காமல் விட்டால் மறுபடி ஊறும். "வெட்டி எடுத்துவிடுங்கள்" என்று டொக்டரை நெருக்குவதும் வீண். சத்திரசிகிச்சை கடைசி வழிதான்.

எனக்குப் பெரிய பயம் எண்ணெய் போட்டு உருவி விடுவதில். சுளுக்கென்று நினைத்து அழுத்தித் தேய்த்தால் கட்டி உடையலாம். உடைந்தால் நீர் கெண்டைக்காலில் இறங்கி, கால் வீங்கிச் சிவந்து வலிக்கும். காலின் ஆழமான இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்தாலும் அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். அந்த உறைவு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, ஸ்கேன் வேண்டும். ஆகவே திடீரென்று கெண்டைக்கால் வீங்கினால் தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்டி நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தால் அது இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம், அதையும் உடனே காட்ட வேண்டும்.

பாமசியில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இன்னொன்று. பனடோலை அளவோடு எடுக்கலாம். டைக்ளோபெனக் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சீனி, பிரஷர் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

வீங்கிய புதிதில் சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம், குளிர் ஒத்தடம்தான் நல்லது. நுவரெலியாப் பக்கம் ஐஸ் தேடி அலையத் தேவையில்லை, பீலித் தண்ணீரில் நனைத்த துணி போதும். பிள்ளைகளுக்கு வந்தால் ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும்.

அப்புறம், வலி குறைந்த மறுநாளே சரிவான மலைக்கு ஏறாதீர்கள். டொக்டரிடம் துண்டு வாங்கிக் காட்டி, கொஞ்ச நாளைக்கு மட்டமான இடத்தில் வேலை கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும், இரவில் படுத்தபடி முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கி மெதுவாக இறக்கும் பயிற்சியை விடாதீர்கள். தொடைத் தசை பலமானால் மூட்டில் விழும் பாரம் குறையும்.