ஒரே வண்டிக்கு இரண்டு என்ஜின்: மாதிரி ரயிலில் டி.சி.சி.

சேலம் சந்திப்பில் இரண்டு என்ஜின்கள் சேர்ந்து நீண்ட சரக்கு வண்டியை இழுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு, அதை வீட்டு மேசையிலும் செய்து பார்க்கும் ஆசை எழுவது இயல்பு. ஏற்காட்டுக்கு ரயில் பாதை கிடையாது. எங்கள் வீட்டுப் பின்னறையில் மட்டும் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பதிலாக நான் அமைத்த சுருள் ஏற்றத்தில், இரட்டை என்ஜின் வண்டியை ஏற்றக் கற்றுக்கொண்ட வழியை இங்கே எழுதுகிறேன்.

பழைய டி.சி. (நேர் மின்னோட்ட) முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தமே வேகத்தைத் தீர்மானிப்பதால், ஒரே மின்பகுதியில் நிற்கும் என்ஜின்கள் எல்லாம் ஒன்றாகவே ஓடும். டி.சி.சி. (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) என்னும் டிஜிட்டல் கட்டளை முறையில், எச்.ஓ. அளவு (அசலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரித் தண்டவாளத்தில் ஏறத்தாழ 15 வோல்ட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அதன் துருவம் புரளும் கால அளவில்தான் கட்டளை அடங்கியிருக்கிறது. அரைத்துடிப்பு 58 மைக்ரோவினாடி நீடித்தால் 1 என்றும், 100 அல்லது அதற்கு மேல் நீடித்தால் 0 என்றும் என்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் என்ற சிறு மின்னணுச் சுற்று படித்து, தன் முகவரிக்கு வந்த கட்டளைக்கு மட்டும் பணிகிறது. ஜெர்மனியின் லென்ட்ஸ் நிறுவனத்தின் முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. பொதுத் தரம் வகுத்திருப்பதால், ஒரு நிறுவனத்தின் டீகோடர் வேறொரு நிறுவனத்தின் கமாண்ட் ஸ்டேஷனுடனும் (கட்டளையை உருவாக்கும் கருவி) வேலை செய்யும்.

மேசைக்கு அடியில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி இரண்டை ஓடவிட்டு, ஒரு மீட்டருக்கு ஒருமுறையாவது அவற்றிலிருந்து தண்டவாளத்துக்கு இணைப்புக் கொடுங்கள். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை இரு தண்டவாளங்களின் மேலும் படும்படி பல இடங்களில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்திலும், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் இணைப்புப் போதவில்லை என்று பொருள். ஏற்காட்டு மூடுபனியில் தண்டவாளம் விரைவில் மங்கிவிடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போதும். நிக்கல் சில்வர் தண்டவாளத்தில் செம்பும் துத்தநாகமும் நிக்கலும்தான் உண்டு; கொலுசு செய்யும் ஊர்க்காரர்கள் பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்.

புதிய டீகோடர்கள் பொதுவாக 3 என்ற முகவரியுடனேயே வருகின்றன. இதை மறந்து இரண்டு புதிய என்ஜின்களை ஒன்றாக வைத்து நான் வேகக் கட்டுப்பாடான த்ராட்டிலைத் திருப்பியபோது, நான் பார்த்துக்கொண்டிருந்த என்ஜினோடு, எதிர்ப்பக்கம் நின்ற மற்றதும் கிளம்பி மேசை விளிம்பைத் தாண்டிவிட்டது. ஆகவே ஒவ்வொன்றையும் தனியே புரோகிராமிங் பாதையில் (டீகோடரில் மதிப்பு எழுதுவதற்கென ஒதுக்கிய தண்டவாளத்தில்) வைத்து முகவரி எழுதுங்கள். நம் ரயில்வேயின் என்ஜின்களுக்குப் பெரும்பாலும் ஐந்திலக்க எண் இருப்பதால், கடைசி நான்கு இலக்கங்களை முகவரியாக வைப்பது நினைவுக்கு எளிது. நான்கிலக்க முகவரி, சி.வி. எனப்படும் டீகோடரின் எண்ணிட்ட அமைப்பு மதிப்புகளில் 17, 18 ஆகியவற்றில் பதியும். அது செயல்பட சி.வி. 29-இன் மதிப்பில் 32 சேர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான கமாண்ட் ஸ்டேஷன்கள் இதைத் தாமே செய்துவிடும்.

அடுத்தது வேகப் பொருத்தம். பலர் இதைத் தாண்டிப் போய்விட்டு, ஏற்றத்தில் வண்டி தடம் புரளும்போது தண்டவாளத்தைக் குறை சொல்கிறார்கள். வேகம் பொருந்தாத இரண்டு என்ஜின்களில் ஒன்று மற்றதை இழுக்கும் அல்லது தள்ளும். சக்கரம் வழுக்கி, மோட்டார் சூடேறும். முதலில் இரண்டிலும், வேகம் கூடுவதையும் குறைவதையும் தாமதப்படுத்தும் சி.வி. 3, 4 ஆகியவற்றைப் பூஜ்யமாக்கி, ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடுபடுத்துங்கள். இரண்டில் மெதுவானதை அளவுகோலாகக் கொள்ளுங்கள். வேகமானதைக் குறைக்கலாமே தவிர, மெதுவானதற்கு இல்லாத வேகத்தைக் கொடுக்க முடியாது. இரண்டையும் இணைக்காமல், வேகமானது முன்னே இருக்க, ஒரு சாண் இடைவெளியில் ஒரே வேகப் படியில் ஓடவிடுங்கள். இடைவெளி வளர்ந்தால் முன்னதன் சி.வி. 5-ஐ, அதாவது உச்ச வேகத்தை, சிறிது சிறிதாகக் குறையுங்கள். பிறகு நடுவேகத்துக்குச் சி.வி. 6-ஐயும், கிளம்பும் வேகத்துக்குச் சி.வி. 2-ஐயும் இதே வழியில் சரிசெய்யுங்கள். ஒரு சுற்றில் இடைவெளி ஓரிரு சென்டிமீட்டர் மாறினால் பாதகமில்லை. அதற்கு மேல் துல்லியம் தேடுவது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

இதன் பின்னரே கன்சிஸ்ட், அதாவது ஒரே முகவரிக்குப் பணியும் என்ஜின் கூட்டு, அமைக்க வேண்டும். கூட்டு முகவரி 12 என்றால், முன்னோக்கி நிற்கும் என்ஜினின் சி.வி. 19-இல் 12 என்றும், பின்னோக்கி நிற்பதில் 128 கூட்டி 140 என்றும் எழுதுங்கள். வேறெந்த என்ஜினுக்கும் 12 என்ற முகவரி இருக்கக் கூடாது. இம்மதிப்பு டீகோடரிலேயே பதிவதால் மின்வெட்டுக்குப் பிறகும் அழியாது. விளக்கும் ஹாரனும் அந்தந்த என்ஜினின் சொந்த முகவரிக்கே பணியும். கூட்டு முகவரிக்கும் பணிய வேண்டுமானால் சி.வி. 21, 22 ஆகியவற்றை அமைக்க வேண்டும்.

கூட்டைக் கலைக்கும்போது இரண்டிலும் சி.வி. 19-ஐ மறவாமல் பூஜ்யமாக்குங்கள். மறந்தால், தனியே எடுத்து வைத்த என்ஜின் சொந்த எண்ணில் விளக்கை மட்டும் எரித்துக்கொண்டு நகராமல் நிற்கும். டீகோடர் பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கழற்றுவதற்கு முன் இந்த ஒரு மதிப்பைப் படித்துப் பார்த்துவிடுங்கள்.